அரைப்புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். துப்பறியும் கதை எழுதுகிறவள் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி, அதையே பேசுகிறேன்.

கதை 2080இல், நம்ம செட்டிநாட்டில் நடக்கிறது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர் தொடர் கொலையாளி ஒருவனைத் தேடுகிறார். அவர் கையில் இல்லாத கருவி இல்லை. நடையை வைத்தே ஆளைச் சொல்லும் கேமரா, கதவுப்பிடியில் ஒட்டிய வியர்வையிலிருந்து முகத்தை வரைந்து தரும் எந்திரம், எல்லாம் உண்டு. அப்படியும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் அவர், உடுக்கை அடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கியின் வீட்டுப் படியேறுகிறார். கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "2080இல் கோடாங்கி எதற்கு?"

அதற்கு முன்னால், செத்தவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த வீடுகள் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றிக் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இன்னும் மினுங்குகின்றன. ஆனால் பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும்தான் திறக்கின்றன. சிலவற்றில் ஒரே ஒரு ஆச்சி இருப்பார். முகப்பில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் இருக்கிறவருக்குக் கேட்காது.

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரியே புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். இருவரில் ஒருவர் போய்விட்டால் இருக்கிறவர் அரைப்புள்ளி. சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டபோது என்னவோ போல இருந்தது, இன்றும் இருக்கிறது. என் கதையின் கொலையாளி அரைப்புள்ளிகளை மட்டுமே தேடிப்போகிறான். எண்பது வயது, தனியாள், பிள்ளைகள் கடல் கடந்த ஊரில். காலையில் பால்காரர் வந்து பார்க்கும்போது ஆச்சி ஊஞ்சலில் சாய்ந்தபடியே போயிருப்பார். "படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார், நல்ல சாவு" என்பார்கள். மகன் விமானத்தில் வந்து காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பிப்போவான். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இப்படி உலகத்தில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹைட் என்ற ஊரில் ஹரால்ட் ஷிப்மன் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு நடந்த அரசு விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002இல் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் வயதான பெண்கள். ஊசி போட்டதும் அவர், இயற்கை மரணம் என்று சான்றிதழ் எழுதியதும் அவர். 1998இல் காவல்துறை ஒருமுறை விசாரித்து, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று பேர் செத்தார்கள். ஓர் அம்மாவின் பெயரில் அவர் தயாரித்த கள்ள உயில், அந்த அம்மாவின் மகளான வழக்கறிஞரின் கண்ணில் பட்ட பிறகுதான் மாட்டினார்.

என்னை உலுக்கியது வேறொரு விஷயம். அந்த ஊரில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் இருந்தார். தன் வண்டியில் வழக்கமாக ஏறுகிற பாட்டிமார்கள் ஒவ்வொருவராகக் குறைவதைக் கவனித்தவர் அவர். எல்லாரும் ஒரே மருத்துவரிடம் போனவர்கள் என்பதையும் கவனித்தார். அரசாங்கப் பதிவேட்டில் அத்தனை மரணமும் ஒழுங்காக ஏறியிருந்தது. நேற்று வந்தவர் இன்று ஏன் வரவில்லை என்று நினைத்தது அந்த ஓட்டுநரின் மனசு.

என் கோடாங்கி அங்கேதான் பிறந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சிமார்கள் அவரிடம் குறி கேட்க வருவார்கள். மகன் எப்போது வருவான், பேரனுக்கு நம்ம பேச்சு வருமா, வீட்டை விற்றுவிடுவார்களா என்று கேட்பார்கள். உடுக்கையை எடுத்தால் அவருக்கு அருள் வரும். கதையில் அது உண்மையான அருள்தான், அதில் நான் மழுப்பவில்லை. செத்தவரின் கடைசி நேரத்துச் சத்தம் அவர் காதில் விழும். ஊஞ்சல் சங்கிலி நின்றது, கொத்துச்சாவி கல்லில் விழுந்தது, இப்படி. ஆனால் கொன்றவனின் முகம் தெரியாது. தெரியவே கூடாது என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்துவிட்டேன். குறியில் வந்த ஒரு சொல்கூடக் குற்றப்பத்திரிகையில் ஏறக்கூடாது என்பதும் என் இன்ஸ்பெக்டருக்கு நான் போட்ட கட்டளை.

ஏன் என்றால், எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு வைரத்தோடு காணாமல் போனது. மை போட்டுப் பார்க்க ஒருவரைக் கூட்டிவந்தார்கள். சிறுபிள்ளை கண்ணுக்குத்தான் மையில் தெரியும் என்பார்கள், அதனால் என்னை உட்கார வைத்தார்கள். வெற்றிலையில் தடவிய கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சம் ஆடியது, வேறொன்றும் தெரியவில்லை. "பாவாடை கட்டின பிள்ளை தெரியுதா? கையில் எதையோ மறைக்குதா?" என்று கேட்டார். பெரியவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பாத்திரம் துலக்க வந்த பெண்ணுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து அடுத்த விசேஷத்துக்குப் பெட்டகத்தைத் திறந்தபோது, பட்டுப்புடவை மடிப்பில் தோடு இருந்தது. அவளைத் தேடி யாரும் போகவில்லை. அவளுடைய அம்மா கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே காசை வெட்டிப் போட்டுவிட்டு வருவது நம்ம பக்கத்து வழக்கம் இல்லையா? அந்தக் காசு என்னைத் தேடி வரும் என்று பல வருஷம் பயந்துகொண்டே படுத்திருக்கிறேன். அவள் பெயர் எனக்கு மறக்கவில்லை. இங்கே சொல்லமாட்டேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலையான வழக்குக்காக 1964இல் பீட்டர் ஹர்கோஸ் என்ற ஞானதிருஷ்டிக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் கைகாட்டியது ஒரு செருப்பு வியாபாரியை. கொலையோடு அந்த மனிதருக்குச் சம்பந்தமே இல்லை. அதே சமயம், அறிவியலை அதன் இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு சிறுமிகள் கொலையானார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அதில் ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். மரபியல் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டுபிடித்த மரபணுச் சோதனையை 1986இல் அந்த வழக்கில் செய்துபார்த்தார்கள். பையன் செய்யவில்லை என்று தெரிந்தது. உண்மையான கொலையாளி 1988இல் தண்டனை பெற்றான். ஒரு கொலை வழக்கில் அந்தச் சோதனை முதலில் செய்த வேலை, நிரபராதி ஒருவனை வெளியே விட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் சொல்லியிருக்கிறது, சம்மதம் இல்லாமல் யாருக்கும் உண்மை கண்டறியும் ஊசியோ மூளைச் சோதனையோ செய்யக்கூடாது என்று. 2080இல் நினைவையே படித்துவிடும் எந்திரம் வந்தாலும் என் இன்ஸ்பெக்டர் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார்.

சரி, கோடாங்கி வீட்டுக்கு வருவோம். இன்ஸ்பெக்டர் திண்ணையில் உட்கார்ந்து, "ஆளை மட்டும் சொல்லுங்க ஐயா" என்கிறார். பெரியவர் உடுக்கையைத் தொடவே இல்லை. "ஆளு எனக்குத் தெரியாது தாயி. வராமப் போனவுகளைச் சொல்றேன், எழுதிக்க" என்கிறார். ஸ்டேஷன் கணக்கில் சந்தேக மரணம் இரண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதியதில் பதினொரு பெயர். ஒவ்வொரு பெயரோடும் அந்த ஆச்சி கடைசியாகக் கேட்ட கேள்வியையும் சொல்கிறார். பதினொன்றில் எட்டுப் பேர் கேட்டது, வீடு பார்க்க ஒரு தம்பி வருகிறானே, நம்பலாமா என்று.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும்போது பெரியவர் கையைப் பிடிக்கிறார். "இன்னொருத்தர் இருக்காக. போன வெள்ளி வந்தாக, இன்னைக்கு வரலை. இன்னும் சத்தம் எதுவும் என் காதுல விழலை. ஓடு."

பின்வாசலுக்கு ஒரு காவலரை அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் முகப்பு வழியாக நுழைகிறார். பட்டாலை இருட்டு. வளவில் மட்டும் வெயில். "ஆச்சி!" என்று கத்துகிறார். பதில் இல்லை. இரண்டாங்கட்டைத் தாண்டி ஓடி மறுபடியும் கூப்பிடுகிறார்.

"யாரு?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வருகிறது.

அந்த "யாரு" வரைக்கும் எழுதியிருக்கிறேன். வணக்கம்.