மீசை அரும்பும் வயதும் அபராதச் சீட்டும்

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்க வந்து என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் நூலகர் பெருமக்களே, ஆசிரியர்களே, பதிப்பாளர்களே, கடைசி வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். நன்றியுரை சொல்லவிருக்கும் அம்மையாருக்கும் இப்போதே ஒரு வணக்கம். அவர் பேச வரும்போது பாதி அரங்கம் எழுந்து போய்விடும், அதனால்தான்.

பதின்வயதினரை நூலகத்துக்குள் வரவைப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, அவர்களுக்கான கதைகள். இரண்டு, அவர்களுக்கென்று ஓர் இடம். மூன்று, அபராதம்.

கதைகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹிண்டன் 15 வயதில் எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல் 1967இல் வெளிவந்தது. அதில் கோஷ்டிச் சண்டை இருக்கிறது, சாவு இருக்கிறது, அண்ணன் தம்பிகளின் பாசமும் இருக்கிறது. இளையோர் புனைவுக்குத் தனி அலமாரி தேவை என்று உலகத்தை உணரவைத்த நூல்களில் அது முக்கியமானது. நாமோ பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கவும் வேண்டும், கதையில் கோபமோ காதலோ எட்டிப் பார்க்கவும் கூடாது என்கிறோம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

சரி, ஒரு கதை சொல்கிறேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். அங்கே தேனீ வளர்ப்பு நூல்கள் இருக்கும் அடுக்கில் மட்டும் தூசியே கிடையாது. நூலகர் அம்மாவுக்கு ஒரே பெருமை. ஊரில் தேனீ ஆர்வம் பெருகிவிட்டது என்று எண்ணி, இன்னும் நான்கு தேனீ நூல்களுக்குப் பட்டியல் எழுதிவிட்டார். ஒரு நாள் அடுக்கைச் சரிசெய்யும்போது பின்னாலிருந்து ஒரு பேய்க்கதை விழுந்தது. அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாளில் மறுபடி தேனீக்களுக்குப் பின்னால்! அப்புறம் ஒளிந்திருந்து பார்த்தால், மீசை அரும்பிய ஒரு பையன். பள்ளி விட்டதும் வருவான், தரையில் சம்மணமிட்டுப் படிப்பான், வேறு யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று ஒளித்துவிட்டுப் போவான். “வீட்டுக்கு எடுத்துப் போகலாமே தம்பி?” என்று கேட்டதற்கு, “கார்டை நிறுத்திட்டீங்களே மேடம்” என்றான். வீடு மாறும்போது ஒரு நூல் தொலைந்திருக்கிறது. அபராதம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அப்பாவிடம் சொல்லப் பயம்.

நூலகர் அம்மா திட்டவில்லை. அந்தப் பேய்க்கதையின் இரண்டாம் பாகத்தை அவரே தேனீக்களுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் அங்கே ஒரு துண்டுச் சீட்டு: “மூணாவது பாகமும் இருக்கா?”

‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்’ என்று நம் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே எழுதி வைத்துவிட்டார். இங்கே நூலும் இருந்தது, வாசகனும் இருந்தான். குறுக்கே நின்றது அபராதக் கணக்கு.

அபராதம் இல்லாவிட்டால் நூல் திரும்பி வருமா என்று இங்கே பெரியவர்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தை ஒழித்தது. வீடுகளில் பதுங்கிக் கிடந்த நூல்கள் வரிசைகட்டித் திரும்பின. 2021இல் நியூயார்க் பொது நூலகமும் அதே வழிக்கு வந்தது. வசூல் ஆகிற சில்லறையும் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும் என்றால் எப்படி? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

இரண்டாவது செய்தியான தனி இடத்தைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தாமத அபராதம் வேண்டாம், நிறுத்திய அட்டைகளைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். நூலகர்கள் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு கூடும். கடைசி வரிசைத் தம்பி தங்கைகளுக்கும் தனிப்பக்கம் இருக்கிறது. பேனா கட்டித்தான் வைத்திருக்கிறேன், எடுத்துப் போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.