கேட்டால்தான் வரும் அறிவு

வணக்கம் நேயர்களே. எங்கே வேலை செய்பவராக இருந்தாலும் ஒரு வாக்கியத்தை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்: "அது அவருக்குத்தான் தெரியும்." ஓர் இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் உடனே நிறுத்த வேண்டும், பழைய மென்பொருளில் எதைத் தொட்டால் எது நின்றுபோகும், ஒரு வாடிக்கையாளரிடம் எந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று ஏதோ ஒன்று ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கும். அவர் ஒரு வாரம் விடுப்பில் போனால் வேலை தடுமாறும். ஓய்வு பெற்றுப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒருவர் தலைக்குள் இருப்பதை நிறுவனம் முழுவதற்கும் பயன்பட வைக்கும் முயற்சிக்கு அறிவு மேலாண்மை என்று பெயர். அது 1990களில் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. நிறுவனங்கள் அதற்கென மென்பொருள் வாங்கின, பெரிய ஆவணக் கிடங்குகளைக் கட்டின, எல்லோரும் தெரிந்ததை எழுதிப் போடுங்கள் என்று சுற்றறிக்கை விட்டன. பல இடங்களில் அந்தக் கிடங்கு நிரம்பியது, ஆனால் திறந்து பார்ப்பவர் குறைவு. ஆவணங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அறிவைச் சேமித்து வைப்பது இந்த வேலையின் எளிய பாதி. ஒருவரிடம் போய்க் கேட்பதும், கேட்டால் அவர் தயங்காமல் சொல்வதும்தான் கடினமான பாதி. பணமும் கவனமும் பெரும்பாலும் எளிய பாதிக்கே போய்விடுகின்றன.

ஹங்கேரியில் பிறந்த மைக்கேல் போலான்யி என்ற வேதியியலாளர், பிற்காலத்தில் தத்துவத்துக்கு வந்து, ஒன்றை அழுத்திச் சொன்னார்: மனிதருக்குத் தெரிந்தது, அவரால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததைவிட எப்போதும் அதிகம். ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நோனாகா 1990களில் இதை நிறுவனங்களுக்குப் பொருத்திக் காட்டினார். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க அணு ஆயுதம் ஒன்றில் ஃபாக்பேங்க் என்று பெயரிட்ட ஒரு பொருள் பயன்படுகிறது. அது ரகசியப் பெயர். பொருள் எதனால் ஆனது என்பதை இன்றுவரை வெளியே சொன்னதில்லை. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் அதைத் தயாரித்துவந்தார்கள். 1989-இல் தயாரிப்பு நின்றது. பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்கலாம் என்று 2000-இல் முடிவெடுத்தபோது அந்தப் பொருள் மறுபடி தேவைப்பட்டது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. செய்முறை பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு, செய்த ஆட்கள் ஏறக்குறைய எல்லோருமே ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போயிருந்தார்கள். இதை 2009-இல் அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கையில் எழுதியது. ஒரு வல்லரசு, தான் செய்த பொருளையே திரும்பச் செய்யத் தெரியாமல் நின்றது.

இதோடு கதை முடியவில்லை. புதிய ஆலை கட்டி, கிடைத்த குறிப்புகளை வைத்து ஒருவழியாகத் தயாரித்தார்கள். ஆனால் பொருள் சரியாக வரவில்லை. காரணத்தைத் தேடிப் போனபோது தெரியவந்தது வியப்பானது. அந்தக் காலத்து மூலப்பொருளில் ஒரு மாசு இருந்திருக்கிறது. இன்றைய சுத்திகரிப்பு முறை நவீனமானது, அந்த மாசை முழுவதும் நீக்கிவிட்டது. பொருள் சரியாக அமைய அந்த மாசுதான் காரணம் என்பது பழைய ஆட்களுக்கே தெரியாது! கடைசியில் அதை வேண்டுமென்றே சேர்க்க வேண்டி வந்தது.

எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். பழையவர்கள் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தாலும் அந்த மாசு குறிப்பில் ஏறியிருக்காது. ஏனென்றால் எது முக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறதோ அதைத்தான் எழுதுகிறோம். தோன்றாதது நம் பழக்கத்திலும் பொருளிலும் சூழலிலும் பேசாமல் கிடக்கும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள், மாற்றினால் என்ன ஆகும்" என்று கேட்டால்தான் அது வெளியே வர ஒரு வாய்ப்பாவது உண்டு. பதினொரு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கேட்க அங்கே யாரும் இல்லை.

சரி, அறிவு நன்றாகப் பரவிய இடம் எதுவும் இல்லையா? இருக்கிறது. 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களோடு கூடவே போய்க் கவனித்தார். அவர்கள் கையில் தடித்த கையேடு இருந்தது. இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு. ஆனால் சிக்கலான பழுதைச் சரிசெய்ய அவர்களுக்குக் கைகொடுத்தது பேச்சு. சாப்பிட உட்காரும்போதும், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் யோசிக்கும்போதும் ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். அந்த இடத்தில் இப்படி ஒரு பழுது வந்தது, பிழை எண் ஒரு காரணத்தைக் காட்டியது, உண்மையான காரணம் வேறொன்று என்று. வெளியிலிருந்து பார்க்கும் மேலாளருக்கு இது வெட்டிப் பேச்சாகத்தான் தெரியும். வேலையில் பாதி அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த நிறுவனம் யுரேகா என்ற ஏற்பாட்டைச் செய்தது. பிரான்சில் தொடங்கிப் பின்னர் மற்ற நாடுகளுக்கும் போனது. ஒரு தொழில்நுட்பர் புதிதாக ஒரு தீர்வைக் கண்டுபிடித்தால் சுருக்கமாக எழுதி அனுப்புவார். அதைச் சக தொழில்நுட்பர்கள் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால், கண்டுபிடித்தவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, தொழில்நுட்பர்களே அதை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் கெடும் என்பது அவர்கள் கவலை. பெயர் போட்டால் போதும் என்றார்கள். தன் தொழில் தெரிந்த நாலு பேர் "இது நல்ல யோசனை" என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. ஊக்கத்தொகைத் திட்டம் தீட்டும் நிர்வாகிகள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நல்ல யோசனையைச் சொல்லப் பெயர் போதும். ஆனால் தவறைச் சொல்ல? அங்கே பெயரே எதிரி.

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸின் 514-ஆம் எண் விமானம் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்தபோது வழியில் இருந்த மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்க அனுமதி தந்த வாசகத்தை விமானிகள் ஒருவிதமாகவும் கட்டுப்பாட்டு அறை வேறுவிதமாகவும் புரிந்துகொண்டது முக்கியக் காரணம். விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று இதே குழப்பத்தால் அதே மலையில் மோதாமல் தப்பியிருக்கிறது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அந்த நிறுவனத்தோடு நின்றுவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. வேண்டிய அறிவு அந்த ஆறு வாரமும் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க வழிதான் இல்லை.

அதன் பிறகு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, தவறுகளைத் தெரிவியுங்கள் என்று ஒரு திட்டம் தொடங்கியது. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய்த் தவறைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? விமானிகள் நம்பவில்லை. அதனால் 1976-இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்கு விமானிகளைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பெயரை நீக்கிவிட்டுத்தான் அறிக்கையைப் பதிவு செய்வார்கள். வேண்டுமென்றே செய்யாத மீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தால் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. விமானிகள், கட்டுப்பாட்டாளர்கள், பராமரிப்புப் பணியாளர்கள் எல்லோரும் தாங்களாகவே எழுதுகிறார்கள்.

உங்கள் நிறுவனத்தில் நாசா இருக்காது. ஆனால் கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரிடம் மேலதிகாரி முதலில் என்ன கேட்கிறார் என்பது இருக்கிறது. "யார் செய்தது?" என்று கேட்டால், அந்த அறையில் இருக்கும் எல்லோரும் அடுத்த முறை வாயை மூடிக்கொள்வார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் பேச்சு தொடரும். அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்கார்ந்து பேசும் முறையும் இதே வகைதான்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்து எதை மாற்றுவது. பதவி பார்க்காமல் எல்லோரும் பேச வேண்டும். ஒரு திட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கினால் எந்த அலுவலகத்திலும் இதைச் செய்யலாம்.

ஓய்வு பெறப்போகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வாரத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து "தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்" என்பது வழக்கம். முப்பது வருட அனுபவத்தை அப்படி எழுத யாராலும் முடியாது. எங்கே தொடங்குவது என்றே தெரியாது. குறைந்தது ஆறு மாதம் முன்னதாக ஒரு இளையவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடைமுறையைக் கேட்க வேண்டாம், அது கையேட்டில் இருக்கும். நடைமுறையை மீறிய தருணங்களைக் கேட்கச் சொல்லுங்கள். எப்போது விதியை விட்டு விலகினீர்கள், எதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, எந்தச் சிக்கலுக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? இதற்கெல்லாம் பதில் கதையாகத்தான் வரும், வரட்டும். அப்புறம் எழுதும் வேலையை இளையவரே செய்யட்டும். மூத்தவர் அதைப் படித்துத் திருத்தட்டும். "இல்லையில்லை, அப்படிச் செய்தால் அடைத்துக்கொள்ளும்" என்று அவர் குறுக்கே எழுதும் வரிகளைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும்.

நன்றி, வணக்கம்.