வாசல் ஏன் தெற்கே பார்க்கிறது? மெனோர்கா தீவின் கல் மேசைகள்

[திரையில்: புல்வெளி நடுவே ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓங்கி நிற்கும் கல். அதன் தலையில் குறுக்கே இன்னொரு கல்.]

தெற்குப் பார்த்த வீடு என்று சொன்னாலே நம் ஊரில் வாங்க வந்தவர் முகம் மாறும். தரகர் உடனே விலையைக் குறைத்துப் பேசுவார். ஆனால் மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே 2,300, 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தங்கள் வழிபாட்டு இடங்களுக்கெல்லாம் வாசலைத் தெற்கே வைத்தார்கள். தீவு முழுக்க இதே வழக்கம்தான். ஒன்றிரண்டு விலக்கு உண்டு, அவ்வளவே.

உள்ளே நுழைந்தால் நட்ட நடுவில் இந்தக் கல். நெடுக்காக ஒன்று, அதன்மேல் குறுக்காக ஒன்று. ஆங்கில ‘டி’ எழுத்தை அப்படியே கல்லில் செதுக்கியது போல. உலகத்தில் வேறு எங்கும் இதே வடிவக் கோயில் கிடையாது. பக்கத்துத் தீவான மல்லோர்காவில்கூட இல்லை. இவை யாருக்காக நின்றன, எதைப் பார்த்து நின்றன? இந்த வீடியோவில் அதைத்தான் தேடப் போகிறோம். விடை கிடைக்கும்போது நீங்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பீர்கள்.

[திரையில்: வரைபடம்.]

பின்னணியை விரைவாக முடித்துவிடுகிறேன். தீவின் பெயர் மெனோர்கா. ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேயாரிக் தீவுகளில் ஒன்று. அதன் வடபாதி ஒரு மண், தென்பாதி ஒரு மண். தென்பாதிக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மிக்ஜோர்ன். அந்தச் சொல்லுக்கே தெற்கு என்றுதான் பொருள். அங்கே பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல், வெட்டுவதற்கு இணக்கமான கல். பழைய கட்டடங்களில் பெரும்பகுதி இந்தத் தென்பாதியில் இருப்பதற்கு அதுவே காரணம். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, ஊருக்குள் போகலாம். தீவின் மிகப்பெரிய பழைய குடியிருப்பின் பெயர் தோர்ரே தென் கல்மேஸ். அலயோர் என்னும் ஊருக்குத் தெற்கே, ஒரு குன்றின் சரிவில் இருக்கிறது. உச்சியில் மூன்று பெரிய கற்கோபுரங்கள். இவற்றைத் தலயோத் என்கிறார்கள். காவல்கோபுரம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். கோபுரத்துக்குக் கீழே கோயில். அதற்கும் கீழே, சரிவில் இறங்க இறங்க வீடுகள். உச்சியில் நின்றால் தெற்குக் கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும்.

வீடுகள் வட்டமானவை. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். முற்றம் வைத்த பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. அறைகளுக்குக் கூரை ஓடோ ஓலையோ அல்ல, கல் பலகைகள். அந்தப் பாரத்தைத் தாங்கும் தூண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள்.

[திரையில்: ஒரு தூண், அடியிலிருந்து மேலே மெதுவாக நகரும் காட்சி.]

அடி ஒல்லியாக இருக்கிறது. மேலே போகப் போக அகலம் கூடுகிறது. பனைமரத்தைத் தலைகீழாக நட்டது போல. பார்த்த மாத்திரத்தில் இது சரிந்துவிடாதா என்று தோன்றும். ஆனால் மேல்பக்கம் அகன்றிருப்பதால் இரண்டு, மூன்று கூரைப் பலகைகளின் முனைகள் ஒரே தூணில் உட்கார இடம் கிடைக்கிறது. அடி ஒல்லியாக இருப்பதால் அறைக்குள் நடமாட இடம் மிஞ்சுகிறது. சாந்து இல்லை, சுண்ணாம்புப் பூச்சு இல்லை. கல்மேல் கல், அவ்வளவுதான். இப்படிக் கூரை போட்ட ஓர் அறை இன்றும் விழாமல் நிற்கிறது. வேற்றுக்கிரக வாசிகள் கட்டினார்கள், அரக்கர்கள் கட்டினார்கள் என்று வீடியோ போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இந்தத் தூணைச் செதுக்கியவன் பாரம் எப்படி இறங்கும் என்று கணக்குத் தெரிந்த கொத்தன். அவனுக்கு உரிய பெருமையை யாருக்கோ தூக்கிக் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த ‘டி’ வடிவக் கல். மெனோர்காக்காரர்கள் பேசும் காட்டலான் மொழியில் இதற்குத் தவ்லா என்று பெயர். மேசை என்று பொருள். பெரிய தவ்லாக்கள் நான்கு மீட்டரைத் தாண்டுகின்றன. பலிபீடம் என்றார்கள் சிலர். நான்கு மீட்டர் உயரத்தில் யார் ஏறிப் பலி கொடுப்பது? கூரையைத் தாங்கிய நடுத்தூண் என்றார்கள் சிலர். கொம்போடு கூடிய காளைத் தலையின் உருவம் என்பது இன்னொரு கருத்து; தோரால்பா என்னும் ஊரின் தவ்லா வளாகத்தில் வெண்கலக் காளை ஒன்று கிடைத்திருப்பதால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வளாகங்களைத் தோண்டியபோது சாம்பல், ஆடுமாடுகளின் எலும்பு, மது ஜாடிகளின் உடைசல் கிடைத்தன. தீ மூட்டி, விருந்து வைத்து, மது ஊற்றியிருக்கிறார்கள். நம் குலதெய்வக் கோயில் கிடாவெட்டு நினைவுக்கு வருகிறது அல்லவா?

1974இல் தோர்ரே தென் கல்மேஸ் கோயிலைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்ததோ யாரும் எதிர்பாராத பொருள். கைக்கு அடக்கமான ஒரு வெண்கலச் சிலை. உருவம் எகிப்தியர், எழுத்து எகிப்திய எழுத்து. இம்ஹோதெப்! எகிப்தின் முதல் படிக்கட்டுப் பிரமிடைக் கட்டியவர் என்று போற்றப்படுபவர். பல நூற்றாண்டு கழித்து மருத்துவத்தின் தெய்வமாகவே ஆக்கப்பட்டவர். எகிப்துக்கும் இந்தக் குன்றுக்கும் இடையே எத்தனை கடல்!

இதில் என்னை மிகவும் தொட்ட செய்தி வேறொன்று. 1930களில் மெனோர்காவுக்கு வந்து த்ரெபுகோ என்னும் ஊரின் தவ்லாவைத் தோண்டியவர் மார்கரெட் மர்ரே. இங்கிலாந்தின் பெயர்பெற்ற எகிப்தியவியல் அறிஞர். வாழ்நாளெல்லாம் எகிப்தைப் படித்த அந்த அம்மையார் நூறு வயது வாழ்ந்து 1963இல் மறைந்தார். எகிப்தியச் சிலை அதே தீவின் வேறொரு தவ்லா அடியிலிருந்து வெளிவந்தது, அவர் போய்ப் பதினொரு ஆண்டுகள் கழித்து. கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லையே என்று எனக்கு இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. சிலை இப்போது தீவின் தலைநகரான மாவோவில், மெனோர்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது எப்படி வந்திருக்கும்? வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த பழைய துறைமுக நகரமான கார்த்தேஜ் வழி வந்த வணிகர்களின் கப்பலில் வந்திருக்கலாம். மது ஜாடிகளும் அவர்கள் கொண்டுவந்தவைதாம். திரும்பிப் போகும்போது அவர்கள் ஏற்றிச் சென்றது ஆட்களை. கவண்கல் எறிபவர்களை! பலேயாரிக் தீவுக்காரர்களின் குறி அந்தக் காலத்தில் அவ்வளவு பிரசித்தம். சிசிலியைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார்: ஒரு கவண் தலையைச் சுற்றி, ஒன்று இடுப்பைச் சுற்றி, ஒன்று கையில். பிள்ளைகளுக்குப் பயிற்சி எப்படித் தெரியுமா? கம்பத்தில் ரொட்டியை வைத்துவிடுவாள் தாய். கல்லால் அடித்து வீழ்த்தினால்தான் அன்றைக்குச் சாப்பாடு. கி.மு. 123இல் ரோமானியத் தளபதி மெத்தெல்லஸ் படையெடுத்து வந்தபோது, இவர்கள் எறியும் கல்லுக்குப் பயந்து கப்பல் தளங்களின்மேல் தோலை விரித்துக் கட்டிக்கொண்டுதான் கரையை நெருங்கினார். கடைசியில் வென்றது ரோம்தான்.

அதற்குப் பிறகு தோர்ரே தென் கல்மேஸ் தவ்லாவுக்கு நேர்ந்தது இது. தலைக்கல் கீழே இறக்கப்பட்டது. கவிழ்த்துப் போட்டு, உள்ளே குடைந்து, பிணம் வைக்கும் பெட்டியாக்கிவிட்டார்கள். தெய்வத்துக்கு நட்ட கல் யாரோ ஒருவருக்குச் சவப்பெட்டி ஆயிற்று. இன்றும் அது அங்கேயேதான் கிடக்கிறது.

[திரையில்: இரவு வானம்.]

இனி முதல் கேள்வி. வாசல் ஏன் தெற்கே?

கேம்பிரிட்ஜில் வானியல் வரலாறு கற்பித்த மைக்கேல் ஹோஸ்கின் ஒவ்வொரு தவ்லா வளாகமாகப் போய்த் திசையை அளந்தார். தெற்கே மறைப்பில்லாமல் அடிவானம் தெரியும்படி இவை அமைந்திருப்பதைக் கவனித்தார். அங்கே என்ன இருக்கிறது? இன்றைக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 3,000 ஆண்டுகளுக்கு முன் அந்த அடிவானத்தை ஒட்டி, வானத்தின் மிக அழகான விண்மீன் கூட்டம் ஒன்று எழுந்து மறைந்துகொண்டிருந்தது. நாம் திரிசங்கு என்று சொல்லும் சிலுவை வடிவ மீன்கள், பக்கத்தில் பளிச்சென்று இரண்டு மீன்கள்.

ஒரு பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையும்போது தலை மெதுவாக வட்டம் போடும் அல்லவா? பூமியின் அச்சும் அப்படித்தான் ஆடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. அந்த ஆட்டத்தால் மெனோர்காவில் திரிசங்கு தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் அடிவானத்துக்கு அடியில் போய்விட்டது. இன்று அந்தத் தீவில் எந்த இரவிலும் அது தெரியாது.

கிரேக்கர்கள் இந்த மீன்களையெல்லாம் சேர்த்துப் பாதி மனிதன், பாதி குதிரையான சென்டாரஸ் என்று பார்த்தார்கள். கதைப்படி கைரோன் என்னும் சென்டாரஸ்தான் மருத்துவக் கடவுளான அஸ்க்லேபியஸுக்கு ஆசான். அந்த அஸ்க்லேபியஸும் இம்ஹோதெப்பும் ஒன்றே என்றார்கள் கிரேக்கர்கள். தெற்கு வாசல், சென்டாரஸ், மருத்துவ தெய்வத்தின் சிலை: மூன்றையும் கோத்து, நோய் தீர வேண்டி வந்த இடங்களாக இவை இருந்திருக்கலாம் என்றார் ஹோஸ்கின்.

இதில் ஓர் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். தவ்லாக்களின் காலத்தை இப்போது கி.மு. 500ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் வைக்கிறார்கள். அதற்குள் திரிசங்கு அடிவானத்தைத் தொட்டுவிட்டது. அப்படியானால் மூழ்கிக்கொண்டிருந்த மீன்களைப் பார்த்தா வாசல் வைத்தார்கள்? தாத்தா காட்டிய இடத்தில் பேரன் தேடியிருப்பானோ? எனக்கு இந்த எண்ணம் பிடித்திருக்கிறது, நிரூபிக்க வழியில்லை. உங்கள் ஊகத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.

அவர்கள் வாசலிலிருந்து மறைந்துபோன அதே மீன்கள் நம் வானத்தில் இருக்கின்றன. உயிரோடு சொர்க்கம் போக ஆசைப்பட்டு, விசுவாமித்திரர் அனுப்ப, இந்திரன் தள்ளிவிட, நடுவானில் தலைகீழாகத் தொங்கிய அரசனின் கதையை அதற்குத்தான் சொன்னார்கள். சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணி வாக்கில் மொட்டைமாடிக்குப் போங்கள். விளக்குகளை அணைத்துவிட்டுத் தெற்கே பாருங்கள். தாழ்வாக, சற்றே சாய்ந்த சிலுவை. அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான மீன்கள். கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் உயரத்தில் தெரியும். படம் எடுத்தால் ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள், அடுத்த வீடியோவின் தொடக்கத்தில் காட்டுகிறேன்.