எல்லாம் கேஸ் இல்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வயிற்று அறுவை சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவன் நான். இத்தனை வருஷத்தில் என் காதில் அதிகம் விழுந்த சொல் எது தெரியுமா? கேஸ். நெஞ்சு எரிந்தால் கேஸ், வயிறு உப்பினால் கேஸ், முதுகில் பிடித்தால் கேஸ். ஒருவர் மாரடைப்போடு வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தார். அவரும் "கேஸ் அடைக்குது சார்" என்றுதான் சொன்னார்.

வருஷக்கணக்கில் செரிமானத் தொல்லை. ஒரு நாள் ஸ்கேன் எடுத்தால், பித்தப்பையில் கல் என்று எழுதித் தருகிறார்கள். பையை எடுத்துவிடலாமா, வேண்டாமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பித்தப்பையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒகேனக்கலில் மீன் வாங்கினால், ஆய்ந்து தருகிற அம்மா குடலையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்துப் போடுவார். ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கரும்பச்சைப் பையை மட்டும் விரல் நுனியால் பதமாகக் கிள்ளி எடுப்பார். அது உடைந்தால் மீன் முழுக்கக் கசந்துபோகும். அதே பைதான் நமக்கும், வலது விலாவுக்கு அடியில் இருக்கிறது. பித்தநீரைச் சுரப்பது ஈரல். பை அதைச் சேர்த்து வைக்கும் சின்னத் தொட்டி, அவ்வளவுதான். 50 மில்லிதான் பிடிக்கும். கறியோ பலகாரமோ உள்ளே போனால் சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். குதிரைக்கும் புறாவுக்கும் இந்தப் பையே கிடையாது.

சரி, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லிவிடுவேன், என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவருக்கு எட்டு வருஷமாக வயிற்று உப்புசம், ஏப்பம், மேல் வயிற்றில் எரிச்சல். இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் நாள் முழுக்க நெஞ்சிலேயே நிற்கிறது என்றார். ஸ்கேனில் 8 மில்லிமீட்டரில் ஒரே ஒரு கல். அப்போது லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன், இந்தப் பக்கம் புதுசு. எனக்கும் இள வயசு, கை துறுதுறு என்று இருந்தது. வேறெதுவும் விசாரிக்காமல் பையை எடுத்துவிட்டேன். ஆபரேஷன் அருமையாக முடிந்தது. கல்லைக் கழுவி அவர் கையிலேயே கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு விபூதி டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். உள்ளே அந்தக் கல்.

"கல்லு இங்க இருக்குது சார். அப்ப கேஸ் எங்க இருக்குது?"

எனக்குப் பதில் இல்லை. அன்றுதான் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டேன். முட்டி வலிக்கு மூன்று வருஷமாகத் தினமும் கடையில் வாங்கிய மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் டீ, கூடவே புகையிலை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு அப்படியே பாயில் சாய்வது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பையில் புண். மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்ததும் இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை, வயிற்றில் நான்கு துளை போட்ட பிறகு கேட்டேன்.

கல் இருப்பது வேறு, கல்லால் தொல்லை வருவது வேறு. திரும்பவும் சொல்கிறேன், கல் இருப்பது வேறு, கல்லால் தொல்லை வருவது வேறு. கல் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு அது வாழ்நாள் முழுக்கச் சும்மாவே கிடக்கும். அப்படிக் கிடப்பதைப் பெரும்பாலும் தொட வேண்டாம். 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கல், பைக்குள் வளரும் பாலிப் என்கிற சதை முளை போன்றவை விதிவிலக்கு. அதை டாக்டர் சொல்வார்.

கல் தரும் வலி எப்படி இருக்கும்? மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடிக்கும். பிடித்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது, சில மணி நேரம்கூட நிற்கும். வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறும். பெரும்பாலும் விருந்து சாப்பிட்ட ராத்திரியில் வரும். ஏப்பம் விட்டாலும் போகாது, ஜெலுசில் குடித்தாலும் போகாது. இப்படி வலி வந்து, ஸ்கேனிலும் கல் இருந்தால் எடுத்துவிடுவதுதான் நல்லது. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்பவர் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். அந்த நோயாளி 16 வருஷம் வலியோடு இருந்தவர். அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு எதற்கு அந்தப் 16 வருஷம்?

கிருஷ்ணகிரி லாரி டிரைவர் ஒருவர், ஒவ்வொரு முறை வலித்தபோதும் வண்டியை ஓரம் கட்டிக் கோலி சோடா குடித்தே நான்கு வருஷம் ஓட்டினார். கடைசியில் கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்து, கண் மஞ்சளாகி, கணையமும் வீங்கி வந்து சேர்ந்தார். பிழைக்க வைக்கப் பெரும்பாடு பட்டோம். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாற்பது தாண்டியவர்களுக்கு மேல் வயிற்றில் வலித்தால் முதலில் ஈசிஜி. வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்பீர்கள். பித்தப்பைக்கும் மூத்திரப் பைக்கும் வழியே கிடையாது, சாறு போய் எந்தக் கல்லைக் கரைக்கும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. ஆபரேஷனுக்குப் பிந்தைய சாப்பாடு பற்றி நிறைய எழுதி வந்தேன். சுருக்கமாகச் சொன்னால், பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும், சாப்பாடு செரிக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகலாகப் போகும், அதுவரை எண்ணெயைக் குறையுங்கள். பித்தக் குழாயில் காயம் படும் ஆபத்து அபூர்வம், ஆனால் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேளுங்கள். அப்புறம், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போங்கள். டீகூட வேண்டாம், பால் உள்ளே போனால் பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. நேரம் முடிந்தது, வணக்கம்.