வயித்து வலி போயிடுச்சு, கிருமி போச்சா? எச்.பைலோரி பத்தி கொஞ்சம் விவரமா

வணக்கம் நண்பர்களே. இரைப்பைல தங்கி அல்சர் வரைக்கும் கொண்டு போற எச்.பைலோரிங்கற பாக்டீரியா பத்தி என்கிட்ட வர்ற கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். "பதினாலு நாள் மாத்திரை முடிச்சுட்டேன், எரிச்சல் நின்னுடுச்சு, நல்லா சாப்பிடுறேன். ஆனா டாக்டர் மறுபடி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்றாரு. அது எதுக்கு?" என் பதில், எடுங்க. இந்த மொத்த சிகிச்சையிலயும் பெரும்பாலானவங்க விட்டுடுற படி அதுதான், விடவே கூடாத படியும் அதுதான். ஏன்னு இந்த வீடியோல சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் டாக்டர் கிடையாது. நுண்ணுயிரியல் படிச்ச ஆள், ஆராய்ச்சிக் கட்டுரை தேடித் தேடிப் படிக்கிற வியாதி உண்டு, அவ்வளவுதான். என்ன மருந்து, எத்தனை நாள்ங்கறதெல்லாம் உங்களைப் பாக்குற டாக்டர் முடிவு பண்ற விஷயம்.

சரி, முதல்ல கிருமியைப் பாப்போம். நம்ம இரைப்பைல சுரக்குற அமிலத்துல சாதாரண பாக்டீரியா கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. இது மட்டும் வருஷக்கணக்கா அங்கேயே குடும்பம் நடத்துது. எப்படின்னா, இதுகிட்ட யூரியேஸ்னு ஒரு நொதி இருக்கு. இரைப்பைல இருக்குற யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கிடும். அமோனியா அமிலத்தை முறிக்கும். அப்ப இந்தக் கிருமியைச் சுத்தி மட்டும் அமிலம் குறைஞ்ச ஒரு சின்ன வளையம் உருவாகும். அந்தப் பாதுகாப்புல, சுருள் வடிவ உடம்பையும் வாலையும் வச்சு நீந்தி, இரைப்பைச் சுவரை மூடியிருக்குற சளிப்படலத்துக்குள்ள புகுந்துடும். உள்ள போயிட்டா அமிலத் தொல்லை ரொம்பக் கம்மி. நம்ம நோய் எதிர்ப்புச் சக்தி இதைக் கண்டுபிடிச்சு சண்டை போடும், ஆனா விரட்ட முடியாது. சண்டை மட்டும் முடியாம நடந்துக்கிட்டே இருக்கும். அந்தத் தீராத வீக்கத்தைத்தான் கேஸ்ட்ரைட்டிஸ்னு சொல்றோம்.

பெரும்பாலும் சின்ன வயசுலயே, வீட்டுக்குள்ளயே தொத்திடும். தொத்துனா தானா போறது அபூர்வம். உலகத்துல பாதிப் பேருக்கு இது இருக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப அந்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வருது. இருக்குறவங்கள்ல நிறையப் பேருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. நூத்துல பத்துப் பதினஞ்சு பேருக்கு அல்சர் வரும், ஒண்ணு ரெண்டு பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரைக்கும் போகும். சதவீதம் சின்னதாத் தெரியலாம், ஆனா தொத்துனவங்க எண்ணிக்கை பெருசாச்சே.

கண்டுபிடிச்ச கதை உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால வேகமாச் சொல்றேன். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரம். 1979ல ராபின் வாரன்னு ஒரு நோயியல் மருத்துவர், இரைப்பைலேர்ந்து எடுத்த பயாப்சி துணுக்குகள்ல வளைஞ்ச வளைஞ்ச பாக்டீரியாவைப் பாக்குறாரு. இரைப்பைல கிருமி இருக்கவே முடியாதுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம். 1981ல பேரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் அவரோட சேர்றாரு. ஆய்வகத்துல வளர்த்துப் பாக்கலாம்னா வளரவே மாட்டேங்குது. ஏன்னா வழக்கமா ரெண்டு நாள் பாத்துட்டு, ஒண்ணும் வளரலைன்னா தட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. 1982ல ஈஸ்டர் விடுமுறை, ஆய்வகத்துல வேற வேலையும் நெருக்கடி, யாரும் தட்டை எடுக்கல. விடுமுறை முடிஞ்சு வந்து பாத்தா வளர்ந்து நிக்குது! இது மெதுவா வளர்ற, ஆக்சிஜன் கம்மியா இருந்தாத்தான் வளர்ற ஜாதி. இந்த மெதுவா வளர்றதுங்கற விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, சிகிச்சையிலயும் அது நம்மளைப் படுத்தும்.

அப்புறம் அந்தப் பிரபலமான சம்பவம். 1984ல மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைச்சு தானே குடிச்சாரு. இணையத்துல பாதிப் பேரு "குடிச்சாரு, அல்சர் வந்துச்சு"ன்னு சொல்றாங்க. அல்சர் வரலைங்க. சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம், பத்தாவது நாள் எண்டோஸ்கோப்பில பாத்தா கேஸ்ட்ரைட்டிஸ். ஆரோக்கியமா இருந்த இரைப்பைல இந்தக் கிருமியே வீக்கத்தை உண்டாக்குதுங்கறதுக்கு அது ஆதாரம். அல்சருக்கான ஆதாரம் வேற வழியில வந்துச்சு. கிருமியைக் கொன்னா அல்சர் திரும்ப வரலைன்னு நோயாளிகள்கிட்ட நடத்துன சோதனைகள்லதான் தெரிஞ்சுது. 1994ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம், அல்சர் இருந்து இந்தக் கிருமியும் இருந்தா ஆன்டிபயாட்டிக் குடுங்கன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியல்ல சேர்த்துச்சு. வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு 2005ல வந்துச்சு.

இவங்களுக்கு முன்னாடியே பாத்தவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடணும். 1893லயே இத்தாலியில பிட்சோசெரோங்கறவரு நாய் இரைப்பைல சுருள் பாக்டீரியா இருக்குன்னு எழுதி வச்சாரு. கிரேக்க நாட்டுல லிகூடிஸ்னு ஒரு டாக்டர் 1950கள் கடைசிலேர்ந்தே அல்சருக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டு இருந்தாரு. அவருக்குக் கிடைச்சது அபராதம்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. பெரும்பாலான வீடியோ இங்கயே முடிஞ்சுடும். எனக்கு இதுக்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரசியமாத் தெரியுது.

ரொம்ப வருஷமா உலகம் முழுக்கக் குடுத்தது முக்கூட்டு சிகிச்சை. அமிலத்தைக் குறைக்குற ஒரு மருந்து, ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் மாதிரி. கூட ரெண்டு ஆன்டிபயாட்டிக், கிளாரித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும். அமில மருந்து வலிக்காகத்தானேன்னு நினைப்பீங்க. வலிக்கும்தான், ஆனா இங்க அதுக்கு வேற வேலை இருக்கு. அமாக்ஸிசிலின் பிரிஞ்சு பெருகிட்டு இருக்குற பாக்டீரியாவைத்தான் கொல்லும். அமிலம் அதிகமா இருந்தா இந்தக் கிருமி பெருகாம சும்மா பதுங்கிக்கிடக்கும். மருந்து வந்து போயிடும், இது அசையாது. அமிலத்தைக் குறைச்சாத்தான் பெருக ஆரம்பிக்கும், அப்பத்தான் மாட்டும். போதாததுக்கு கிளாரித்ரோமைசின் அமிலத்துல சிதைஞ்சும் போகும். அதனால எரிச்சல் இல்லையேன்னு அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்துறவங்க, கூட இருக்குற ரெண்டு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து வீணாக்குறாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா, கிளாரித்ரோமைசின் வேலை செய்யறது குறைஞ்சுக்கிட்டே வருது. அந்த மருந்து பாக்டீரியாவோட ரைபோசோம்ல, அதாவது புரதம் தயாரிக்குற இடத்துல, போய் ஒட்டணும். அந்த இடத்துக்கான மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறுனா போதும், மருந்து ஒட்டாது. அந்த மாற்றம் எங்கேர்ந்து வருது? சளி, இருமல், தொண்டை வலின்னு அஸித்ரோமைசின் வாங்கிப் போடுறோமே, அதுவும் அதே குடும்பத்து மருந்துதான். நீங்க தொண்டைக்காகச் சாப்பிட்டது இரைப்பைல இருந்த எச்.பைலோரிக்கும் போய்ச் சேரும். அதுக்குத் தாங்கற வகை மட்டும் தப்பிப் பெருகும். அதனால பல நாடுகள்ல இந்த முக்கூட்டு சிகிச்சை நூத்துக்கு எண்பது பேருக்குக்கூட வேலை செய்யறதில்ல. ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்க்குறது தொண்ணூறுக்கு மேல. உலக சுகாதார அமைப்பு 2017ல புது மருந்து அவசரமாத் தேவைப்படுற பாக்டீரியாக்கள் பட்டியல் போட்டப்ப, கிளாரித்ரோமைசினுக்கு மசியாத எச்.பைலோரி அதுல ரெண்டாவது அடுக்குல இருந்துச்சு.

"ஆய்வகத்துல வளர்த்து, எந்த மருந்துக்கு மசியும்னு பாத்துக் குடுக்கலாமே?" நியாயமான கேள்வி. சிறுநீர்த் தொற்றுக்கு அப்படித்தான் பண்றாங்க. ஆனா இதுக்கு எண்டோஸ்கோப்பி பண்ணித் துணுக்கு எடுக்கணும், நாள்கணக்கா வளர்க்கணும், பல ஆய்வகங்கள்ல வளரவே வளராது. அதனால பெரும்பாலும் குத்துமதிப்பாத்தான் மருந்து ஆரம்பிக்குது. இப்ப அந்த ஒரு எழுத்து மாற்றத்தை மலத்துலேர்ந்தோ பயாப்சிலேர்ந்தோ நேரடியா மரபணுச் சோதனையில கண்டுபிடிக்கிற முறை வந்திருக்கு. அது எல்லா இடத்துக்கும் வந்தா நிலைமை நிறைய மாறும்னு நினைக்கிறேன்.

அதுவரைக்கும் என்ன? பழைய ஆளு ஒருத்தர் திரும்பி வந்திருக்காரு, பிஸ்மத்ங்கற உலோகம் சேர்ந்த பழைய வயித்து மருந்து. அமில மருந்து, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், நாலும் சேர்த்துப் பதினாலு நாள். 2024ல அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் கல்லூரி இதைத்தான் முதல் சிகிச்சையாச் சொல்லுது. பிஸ்மத்துக்குக் கிருமி எதிர்ப்பு வளர்த்துக்கறதாப் பெருசாத் தெரியல. மெட்ரோனிடசோலுக்கு எதிர்ப்பு இருந்தாலும் இந்தக் கூட்டணியில ஓரளவு சமாளிச்சுடும். கஷ்டம் என்னன்னா, ஒரு நாளைக்கு எண்ணி மாளாத மாத்திரை. வாயெல்லாம் உலோகக் கசப்பு, குமட்டல். மலம் கறுப்பாப் போகும், அது பிஸ்மத்தால. மருந்து சாப்பிடாத நேரத்துல, இல்ல தார் மாதிரிக் கறுத்துப் போய் தலைசுத்தலும் இருந்தா அது ரத்தக்கசிவா இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்க. டெட்ராசைக்ளினைப் பாலோட சேர்த்துச் சாப்பிடாதீங்க, கால்சியம் அதைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேராது. மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது கூடாது.

புதுசுன்னு பாத்தா வோனோபிரசான், இதுவும் அமிலத்தைக் குறைக்குற மருந்துதான். ஜப்பான்ல உருவான மருந்து, அங்க 2014ல அனுமதி கிடைச்சுது. 2022ல அமெரிக்காவுல எச்.பைலோரிக்கும் அனுமதி. ஒமிப்ரசோல் வகை, இரைப்பைச் செல்கள்ல அமிலத்தை வெளியே தள்ளுற பம்புகள்ல அப்ப வேலை செஞ்சுட்டு இருக்குறதை மட்டும்தான் அடைக்கும், அதனாலதான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடின்னு சொல்றாங்க. முழு வீச்சுக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதோட, சிலர் உடம்பு அதை ரொம்ப வேகமா உடைச்சு வெளியே தள்ளிடும், மரபணு அப்படி. வோனோபிரசான் முதல் நாள்லேர்ந்தே அமிலத்தை நல்லாக் கட்டிப் போட்டுடும், சாப்பாட்டு நேரம் பாக்க வேண்டியதில்ல. அமிலம் அவ்வளவு குறைஞ்சா அமாக்ஸிசிலின் ஒண்ணே போதுமாங்கற அளவுக்கு இப்ப ஆராய்ச்சி நடக்குது. கிளாரித்ரோமைசினே இல்லாம. எனக்கு ரொம்ப ஆர்வமா இருக்குற இடம் இதுதான், ஆனா முடிவுகள் ஊருக்கு ஊர் மாறுது, அதனால கொண்டாட நான் இன்னும் தயாரில்ல.

இவ்வளவு சிரமப்படணுமா, வலிதான் போயிடுச்சேன்னு கேட்டா, ரெண்டு ஆய்வு சொல்றேன். சீனாவுல லின்சூங்கற பகுதி, இரைப்பைப் புற்றுநோய் ரொம்ப அதிகம். 1995ல ரெண்டு வாரம் சிகிச்சை குடுத்தாங்க. 22 வருஷம் கழிச்சுப் பாத்தா, சிகிச்சை எடுத்தவங்களுக்குப் புற்றுநோய் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சிருக்கு. ரெண்டு வார மாத்திரைக்கு 22 வருஷப் பலன்! இன்னொண்ணு தைவான்ல மாட்சு தீவுகள். 2004லேர்ந்து தீவு மக்களையே கூப்பிட்டுப் பரிசோதிச்சுச் சிகிச்சை குடுத்தாங்க, அங்கயும் புதுசாப் புற்றுநோய் வர்றது பாதிக்கு மேல குறைஞ்சுது.

இப்ப மறுபடி அந்த டெஸ்ட். கிருமி ஓரளவு செத்தாலும், அமிலம் குறைஞ்சதால வலி போயிடும். முழுசாச் செத்தாலும் வலி போயிடும். சிலருக்கு முழுசாச் செத்தும் அஜீரணம் இருக்கும். ஆக உங்க வயித்தைக் கேட்டு இதைத் தெரிஞ்சுக்க முடியாது. அதுக்குத்தான் மூச்சுச் சோதனை, இல்லைன்னா மலத்துல ஆன்டிஜென், அதாவது கிருமியோட புரதத் துணுக்கு இருக்கான்னு பாக்குற சோதனை. மூச்சுச் சோதனை அழகான விஷயம்: அடையாளம் போட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் குடுப்பாங்க. கிருமி இருந்தா, அது உயிர் பிழைக்க வச்சிருக்குற அதே யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் உங்க மூச்சுல கார்பன் டை ஆக்சைடா வந்துடும். தன் ஆயுதத்தாலயே மாட்டிக்கும்.

நேரம் முக்கியம். ஆன்டிபயாட்டிக்கும் பிஸ்மத்தும் முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம் ஆகியிருக்கணும். ஒமிப்ரசோல் வகை மாத்திரையை ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்தியிருக்கணும், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க. அவசரப்பட்டு எடுத்தா, கிருமி அடங்கிக்கிடக்குற நேரத்துல "இல்லை"ன்னு பொய்யா வரும். ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிரா நம்ம உடம்பு தயாரிக்குற புரதம் பாக்குற டெஸ்ட் இதுக்கு வேண்டாம், கிருமி போயி மாசக்கணக்கு, வருஷக்கணக்கு ஆனாலும் அது பாசிட்டிவ் காட்டும்.

மறுபடி பாசிட்டிவ் வந்தா? பெரும்பாலும் புதுசாத் தொத்தினது இல்ல, பழையதே சாகலை. அப்ப அதே கிளாரித்ரோமைசினைத் திரும்பக் குடுக்கறதுல அர்த்தமில்ல, வேற கூட்டு வேணும். அதுக்கு டாக்டருக்குத் தெரிய வேண்டியது முன்னாடி நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு. அதனால மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எச்.பைலோரிக்குச் சாப்பிட்டது மட்டுமில்ல, தொண்டை வலிக்குன்னு போட்ட அஸித்ரோமைசினும் சேர்த்து.

குழந்தைங்களுக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. அவங்களுக்கு வழிமுறையே வேற, டெட்ராசைக்ளின் பல்லைக் கறையாக்கும், யாருக்குச் சோதனை பண்ணணும்ங்கறதுலயே நிறைய நிபந்தனை இருக்கு. அதைத் தனி வீடியோல பேசுறேன். வர்றேங்க.