இன்வெர்ஷன் டேபிளில் ஏறுவதற்கு முன் உயரத்தைச் சரி பாருங்கள்

வணக்கமுங்க. இன்றைக்கு எங்கள் பல்லடம் பக்கம் மாதாந்திர மின்தடை, தறி ஓடவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் உங்களோடு பேச முடிகிறது. போன வீடியோவில் எனக்குப் பின்னால் சுவரோரம் ஒரு இரும்புச் சட்டம் நின்றதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் அது என்னங்க என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் இன்வெர்ஷன் டேபிள். கணுக்காலைப் பூட்டிக்கொண்டு சாய்ந்தால் பலகை பின்பக்கமாக இறங்கி, தலை கீழேயும் கால் மேலேயும் போகும்.

எனக்கு இது தேவைப்பட்டது பாவினால், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலினால். அந்த நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங்கிலிருந்து அதைச் சுற்றி வருகிற பீமை, கனமான உருளைங்க, இருபது வருடமாகக் குனிந்து தூக்கி மாட்டுகிறேன். போன வருடம் அப்படித் தூக்கும்போது இடுப்பில் பிடித்தது பாருங்கள், அங்கிருந்து தொடை, கெண்டைக்கால், கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று இழுத்தது. ஸ்கேனில் இடுப்புப் பக்கம் எல்4, எல்5 என்கிற முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பில் படுகிறது என்று வந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், பயிற்சி செய்யுங்கள், இந்த டேபிளையும் வேண்டுமானால் மெதுவாக முயன்று பாருங்கள் என்றார் டாக்டர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், முதுகெலும்புகளுக்கு நடுவே 23 ஜவ்வுகள் இருக்கின்றன. பகலெல்லாம் நம் எடை அமுக்க அமுக்க அவற்றிலிருந்து கொஞ்சம் நீர் வெளியேறும், ராத்திரி படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். டேபிளில் சாய்ந்தால் அமுக்குகிற அதே எடை இழுக்க ஆரம்பிக்கிறது. படுக்கை மட்டத்திலிருந்து தலை 30 டிகிரி இறங்கினாலே இடுப்புக்கு மேலே உள்ள உடல் எடையில் பாதி முதுகின் நீளவாக்கில் இழுக்கும், 60 டிகிரியில் 87 சதவீதம் வந்துவிடும். மெத்தை உராய்வில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதனால் வௌவால் மாதிரி நேராகத் தொங்க வேண்டிய தேவையே இல்லை.

முதல் நாள் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்த வீடியோவே. என் மச்சான் என்னைவிட நான்கு அங்குலம் குள்ளம். அவர் ஆசையாக ஏறிப் பார்த்துவிட்டு, அவருடைய உயரத்துக்கு வைத்த அளவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பார்க்காமல் ஏறினேன். இந்தப் பட்டையை, இதோ பலகைக்கு அடியில் தெரிகிறதே, சாய்வை ஒரு அளவோடு நிறுத்துகிற நாடா, இதையும் மாட்டவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கியதுதான் தெரியும், சடாரென்று முழுக்கக் கீழே போய்விட்டது. முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது, காது அடைத்தது, எவ்வளவு எக்கினாலும் மேலே வர முடியவில்லை. போன் மேசை மேல் இருந்தது. தறிச் சத்தத்தில் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. நல்லவேளை, சாப்பிடக் கூப்பிட வந்த வீட்டுக்காரம்மா ஓடிவந்து பலகையைப் பிடித்துத் தூக்கினாள். அன்றைக்கு அவள் அழுததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

காரணம் இந்த உயரக் கம்பி. இதில் உங்கள் உயரத்தைவிடக் குறைவாக வைத்தால் எடை தலைப்பக்கம் சேர்ந்துவிடும், விழுகிற மாதிரி இறங்கும், திரும்ப வராது. சரியாக வைத்தால் கையை மார்பில் வைத்ததும் பலகை தானாக மெல்ல மேலே வரும், எக்கவே வேண்டாம். கணுக்கால் பூட்டை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள், டக்கென்று சத்தம் கேட்டால் மட்டும் போதாது.

நான் இப்போது 30 டிகிரியில் பட்டையைக் கட்டிவிட்டு, காலையும் மாலையும் இரண்டு நிமிடம் சாய்கிறேன். முதல் இரண்டு வாரம் 20 டிகிரி, ஒரே நிமிடம்தான். சாப்பிட்ட கையோடு ஏறுவதில்லை. எழும்போது படுக்கை மட்டத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் காலை விடுவிப்பேன், இல்லையென்றால் தலை சுற்றும். வீட்டில் யாராவது பக்கத்தில் இல்லாமல் ஏறுவதே இல்லை.

வலி போய்விட்டதா என்றால், இல்லைங்க. சாய்ந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கால் இழுப்பு குறைகிறது, அந்த நேரத்தில் பயிற்சியை வலியில்லாமல் செய்ய முடிகிறது. எனக்குத் தேறியது அந்தப் பயிற்சியில்தான் என்று நினைக்கிறேன். 2012-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்து ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில் டேபிளில் சாய்ந்தவர்கள் பெரும்பாலும் ஆபரேஷனைத் தவிர்த்திருக்கிறார்கள். ஆனால் மொத்த ஆளே முப்பதுக்குள்தான். அதை நம்பி நான் யாருக்கும் உறுதி கொடுக்க மாட்டேன்.

சிரசாசனம் செய்தால் ஆகாதா என்று கேட்டவருக்கு: அதில் எடை கழுத்தில் இறங்கும், ஜவ்வு விலகியவர்கள் தானாக முயல வேண்டாம்.

போன வாரம் மாமனார் வந்து, "மாப்ள, என்னையும் ஒருக்கா சாச்சு உடுங்க" என்றார். "வேண்டாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பிரஷர், இதய நோய், கண் அழுத்த நோயான கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு, எலும்பு மெலிவு நோய், கர்ப்பம், இதில் எது இருந்தாலும் ஏறாதீர்கள், தலை கீழே போனால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் கூடும். சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் டேபிளையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரண்ட் வந்துவிட்டது, இனி பேசினால் உங்களுக்குத் தறிச் சத்தம்தான் கேட்கும். உயரக் கம்பியை மாற்றுவதை மட்டும் கிட்டத்தில் ஒருமுறை காட்டிவிட்டுப் போகிறேன், பாருங்கள்.