பெரிய பாடசாலைக்கு இன்னொரு வகுப்பு வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வவுனியாப் பெற்றோரே, வணக்கம்.

ஆறாம் தரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்காக நகரின் பெரிய பாடசாலைகளில் வகுப்புகளைக் கூட்டுவதா, வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலைகளை உயர்த்துவதா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் கிட்ட உள்ள பாடசாலையின் பக்கம்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "பெற்றோர் இடம் கேட்கிறார்கள். இன்னும் இரண்டு வகுப்பைத் திறந்தால் பிரச்சினை தீர்ந்தது." சரி, திறப்போம். அந்த இரண்டு வகுப்புக்கும் ஆசிரியர் வானத்திலிருந்தா குதிப்பார்? செட்டிகுளம், நெடுங்கேணி போன்ற ஊர்ப் பாடசாலைகளிலிருந்து 'இணைப்பு' என்று ஒரு கடிதத்தோடு வருவார். பெயர் அங்கே இருக்கும், ஆள் இங்கே இருப்பார். அங்குள்ள பிள்ளைக்கு நேரசூசியில் மட்டும் கணித ஆசிரியர் இருப்பார்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்ற ஆளணிக் கணக்கு பிள்ளைகளின் தொகையை வைத்துத்தான் போடப்படுகிறது. நெளுக்குளத்திலும் பூவரசங்குளத்திலும் இருந்து பிள்ளைகள் நகரத்துக்கு வான் ஏற ஏற, அங்கே ஆசிரியர் 'மேலதிகம்' ஆகிறார், இடமாற்றம் வருகிறது. ஆசிரியர் போனதும் மிச்சப் பெற்றோரும் பிள்ளையை எடுக்கிறார்கள். பாடசாலை சரியில்லை என்று பிள்ளைகள் போனார்களா, பிள்ளைகள் போனதால் பாடசாலை சரியில்லாமல் போனதா? இரண்டும்தான். இன்னும் இரண்டு வகுப்பைத் திறந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கட்டடம் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மகிந்த ராஜபக்ச அரசின் 1000 இடைநிலைப் பாடசாலைத் திட்டத்தில் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் கட்டினார்கள். பிறகு வந்த அரசு 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. போரில் கூரையே போன இடங்களுக்கு ஒரு கட்டடம் எவ்வளவு பெரிய விசயம் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறைக்குப் போனேன். அலுமாரியில் சோதனைக் குழாய்கள் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருந்தன. பெட்டியின் ஒட்டுநாடா கூடக் கிழியவில்லை. பக்கத்து வகுப்பில் ஒரு பிள்ளை பன்சன் சுடரடுப்பைப் புத்தகத்தில் பார்த்து அடிமட்டம் வைத்து அழகாக வரைந்துகொண்டிருந்தாள். அதை மூட்டிக் காட்ட அங்கே ஆளில்லை.

எதிரணிச் சகோதரி ஒருவர், "என் பிள்ளையை வைத்துப் பரீட்சித்துப் பார்க்க ஏலாது" என்றார். அந்தப் பயம் நியாயமானது. 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளின் கீழ் படித்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைக்காவது ஒழுங்கான படிப்பு வேண்டும் என்று அவர்கள் தவிப்பதை யார் குறை சொல்ல முடியும்? நான் கேட்பது வேறு. ஒரு தாய் தனியாகத் தன் பிள்ளையைக் கிட்ட உள்ள பாடசாலையில் விட்டால் அது தியாகம். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரே ஊரின் முப்பது பெற்றோர் சேர்ந்து விட்டால் அது பலம். பிள்ளைத் தொகை கூடும், ஆளணி கூடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேள்வி கேட்கவும் ஆட்கள் இருப்பார்கள்.

பெரிய பாடசாலைகளுக்கு இடம் தரும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளைகளை வெட்டுப்புள்ளிக்கு மேலே, கீழே என்று பிரித்துவிடுகிறது. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அப்படியென்றால் கீழே நின்ற பிள்ளைக்கும் பதினொராம் தரம் வரை கணிதம் படிப்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டாமா? எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆகவே பெற்றோரே, இந்தமுறை பெறுபேறு வந்ததும் விண்ணப்பப் படிவம் தேடி ஓடுவதற்கு முன், ஐந்தாம் தரப் பெற்றோர் எல்லோரும் ஒன்றாக இருந்து கதையுங்கள். கிட்ட உள்ள பாடசாலை அதிபரையும் கூப்பிடுங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் யார் படிப்பிக்கப் போகிறார் என்று பெயர் கேளுங்கள். பெயர் இல்லையென்றால், இணைப்பில் போனவரைத் திருப்பி அனுப்பச் சொல்லி எல்லோருமாக வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம். நானும் வருகிறேன்.